ஆமென் சொன்னால் நடக்கும் மாடு

எங்கள் மிஷனுக்குப் போன வருஷக் கடைசியில் கரியில் ஓடுகிற மோட்டார் வண்டி வந்தது. பின்னால் ஒரு பெரிய டிரம் இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, தோள் கழன்று போகிற மட்டும் விசிறியைச் சுற்றினால், அதற்கு மனசு வந்தால் கிளம்பும். அது வந்த மாசமே எனக்கும், நான் ஓட்டின மாட்டுக்கும், ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லுகிற எங்கள் உபதேசியாருக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உபதேசியாருக்கு வயசாகிவிட்டது, சரி. மாட்டுக்கும் வயசாகிவிட்டது, அதுவும் சரி. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சேலம் ஜில்லாவிலேயே பல் எல்லாம் கெட்டியாக இருக்கும்போது ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வேலை போனது துக்கம்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே, ஆடி மாசத்தில், என் வீட்டுக்காரி காய்ச்சலில் போய்விட்டாள். அதனால் வேலை போனதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. வீடு பற்றி எரியும்போது வேலியில் ஓணான் ஓடினால் யார் பார்ப்பார்கள்.

மோட்டார் ஓட்டுகிற செல்லப்பனும், புதிதாக வந்திருக்கிற வாலிப உபதேசியாரும் சாயங்காலத்தில் என்னைப் பார்க்க வருவார்கள். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்பார்கள். பிறகு செல்லப்பன் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, பழைய உபதேசியார் மாடு போன பக்கம்தான் போவாராமே, நிஜமா என்று கேட்பான். நான் சொல்ல ஆரம்பிப்பேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடும். துக்க வீட்டில் சிரிக்கிறானே என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

வாலிப உபதேசியார் மட்டும் சிரித்து முடித்த பிறகும் யோசித்துக்கொண்டே இருப்பார். எந்த ஊருக்குப் போவது, யாரைப் பார்ப்பது என்று ஜெபம் பண்ணினால் தனக்கு ஒரு பதிலும் கிடைப்பதில்லை என்றும், பெரியவருக்கு மட்டும் எப்படி அவ்வளவு தைரியம் இருந்தது என்றும் கேட்டார். அதை எழுதிக் கொடுத்தால் சபைப் பத்திரிகையில் போடுகிறேன் என்றார். நான் மூணாங்கிளாசோடு நின்றவன். தப்பும் தவறுமாகத்தான் வரும். அவர் திருத்திக்கொள்கிறேன் என்றார். ஆகவே இதில் நன்றாக இருப்பது எல்லாம் அவருடையது.

வண்டி ஓட்டப் பழகினதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எனக்கு அப்பா அம்மா இல்லை. மல்லசமுத்திரத்தில் மிஷன் வீட்டுக் கொட்டகையில் வளர்ந்தேன். மீசை சரியாக முளைக்காத வயசில் உபதேசியார் கூப்பிட்டு, "தாவீது, வண்டி ஓட்டுவியா?" என்றார். ஓட்டுவேனுங்க என்றேன். முதல் நாளே வண்டியைக் குடை சாய்த்தேன். உபதேசியார் வாய்க்காலுக்குள் இருந்து எழுந்து, கோட்டைப் பிழிந்துகொண்டு, "அப்படித்தான், நல்லா வருது," என்றார். அதோடு நான் தேர்ந்துவிட்டேன்.

அருளானந்தம் உபதேசியார் தம்மம்பட்டிக்காரர். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். வெள்ளைத் தலைப்பாகை. சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு. கடவுளிடம் அவர் பேசுகிற விதமே தனி. பக்கத்து அறையில் இருக்கிற ஆளிடம் குரல் கொடுக்கிற மாதிரி பேசுவார். "ஆண்டவரே, இந்த மோர் புளிச்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிற்பார். பிறகு குடிப்பார். புளித்திருந்தால் முகம் அஷ்டகோணலாகும். ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்துவிடுவார்.

ஒரு நாள் குடை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவருக்குப் பட்டது. எனக்கு வானத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வேண்டும் என்று. பாதி வழியில் கொட்டு கொட்டு என்று கொட்டியது. ஓடிப்போய் ஒரு குடியானவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அங்கே ஒரு பெரியவர் கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். உபதேசியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது போகும் வரை பேசினார், ஜெபம் பண்ணினார், அவர்கள் கொடுத்த கம்மஞ்சோற்றையும் சாப்பிட்டார். திரும்பும்போது என்னிடம், குடை இருந்திருந்தால் நாம் இந்த வீட்டைத் தாண்டிப் போயிருப்போமே என்றார். எனக்கு ஜலதோஷம் பிடித்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் மாடு மணியன் வந்த கதைக்கு வருகிறேன். முன்னே இருந்த மாடு செத்துப்போனதும் சந்தைக்குப் போனோம். ராசிபுரத்து வளையல்காரர் ஒருவர் கண் மங்கிவிட்டதால் தொழிலை விட்டுவிட்டு, தன்னுடைய ஒற்றை மாட்டு வண்டி மாட்டை விற்க வந்திருந்தார். நல்ல செவலை. கழுத்தில் மணி கோத்த பட்டை. அது தலையை ஆட்டினால் ஒரு ஊருக்கே கேட்கும். அந்த மணியோடு மாட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போது அதன் காதில் ஏதோ சொன்னார். அது பிறகு இரண்டு நாள் சோளத்தட்டைத் தொடவில்லை.

உபதேசியாருக்கு இருந்த வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இனி மேலே புரியும். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால் நான் வண்டியை நிறுத்த வேண்டும். கயிற்றைக் கையில் வைத்திருக்கக் கூடாது, நுகத்தடிமேல் போட்டுவிட வேண்டும். சாட்டையை வைக்கோலுக்கு அடியில் வைக்க வேண்டும். நாக்கைச் சொடுக்கக் கூடாது. வாலைத் தொடக் கூடாது. எந்தப் பக்கமும் பார்க்கக் கூடாது, மாட்டின் திமிலை மட்டும் பார்க்க வேண்டும். உபதேசியார் தலைப்பாகையைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவார். ஆமென் என்று முடிப்பார். அதன் பிறகு மாடு எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் அன்றைக்குக் கர்த்தர் காட்டின வழி. ஒரு தடவை ஜெபத்தின் நடுவில் நான் இருமிவிட்டேன், மாடு கிளம்பிவிட்டது. இது உன் வழி, அவர் வழி இல்லை என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் செய்து, முதலில் இருந்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

இதில் மணியன் ஒன்றைக் கற்றுக்கொண்டது. ஆமென் என்றால் நடக்க வேண்டும் என்று அதற்குப் பதிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியே கட்டிப்போட்டிருப்போம். உள்ளே சபையார் ஆமென் சொன்னால் வெளியே மணிச் சத்தம் கேட்கும், இரண்டடி எடுத்து வைத்திருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று பாட்டும் ஜெபமும் அதிகம். ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால் முளைக்குச்சியும் இல்லை, மாடும் இல்லை. பட்டாளத்தில் வேலையாக இருந்து லீவில் வந்திருந்த ஒருவர் கடைசிப் பாட்டுக்குப் பிறகு தனியாக நின்று ஆமென் ஆமென் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மாட்டை அடுத்த ஊரில் பிடித்தோம்.

அது வளையல்காரர் மாடு என்பதால் நடந்த கூத்துகளும் உண்டு. வளையல்காரர் எந்தெந்த வீட்டுக்குப் போவார்? வயசுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீடு, பிள்ளைத்தாச்சிக்கு ஏழு மாசம் ஆன வீடு, கல்யாண வீடு. மணியன் அந்த வீடுகளுக்குத்தான் போகும். மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் வண்டிக்குள் இருந்து கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக எங்கள் உபதேசியார் இறங்குவார். அவர்கள் முகம் போகிற போக்கை நான்தான் பார்ப்பேன். அவர் பார்க்க மாட்டார். ஜனங்கள் எப்படி ஆவலாக ஓடி வருகிறார்கள் பார் என்று எனக்குச் சொல்வார்.

ஜேடர்பாளையத்தில் மணியன் நேராக ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் போய் நின்றது. அங்கே வளையல்காரருக்கு என்று பாய் விரித்து, வெற்றிலைத் தட்டும் சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். இவர்தான் புதிதாக வந்த வளையல்காரர் போல என்று நினைத்து உபதேசியாரை அதில் உட்கார வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்கள். நீட்டின கையைப் பார்த்ததும் உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு கையாகப் பிடித்து, கண்ணை மூடி, அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணினார். வெளியே மணியன் ஒவ்வொரு ஆமெனுக்கும் பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தை இழுத்தது. பாதி வரிசை இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு அம்மா பணிவாகக் கேட்டார்கள். "மந்திரமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. வளையல் எப்பங்க போடுவீங்க?"

அன்றைக்கு அவர்கள் எங்களை அடிக்கவில்லை. சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியில் நான் கேட்டேவிட்டேன். மாடு பழகின வீட்டுக்குத்தானே போகிறது, இதில் கர்த்தர் எங்கே நடத்துகிறார் என்று. உபதேசியார் கோபித்துக்கொள்ளவில்லை.

"மாடு பழகின வூட்டுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? எனக்கு இந்தப் பக்கம் ஒரு வூடும் பழக்கமில்ல. பழக்கம் இருக்கிறவன் கூட்டிக்கிட்டுப் போகட்டுமே."

"தப்பான ஊருக்குப் போயிட்டா என்னங்க பண்றது?"

"போவோம். அங்க மட்டும் அவர் இல்லாம எங்க போயிடுவார்? வழி தெரியும்ங்கிற தைரியம் எனக்கு எப்பவும் இருந்ததில்ல தாவீது. எங்க போய் நின்னாலும் அவர் கையிலதான் நிப்போம்ங்கிற தைரியம் ஒண்ணுதான் இருக்கு."

வாலிப உபதேசியார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஆனால் இதோடு நிறுத்தினால் என் கதை வராது. என் கதை அடுத்தது.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு இடத்தில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது கைப்பக்கம் போனால் ராசிபுரம். வலது கைப்பக்கம் திருச்செங்கோடு. அந்த வலது பக்கத்தில், கடலைக் காட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில், எங்கள் சபையைச் சேர்ந்த ஏழெட்டு வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர் உண்டு. மணியன் வந்த புதிதில் அந்த ஊருக்குப் போனோம். மணிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டில் இருந்து எஸ்தர் என்ற பெண் ஓடி வந்தாள். வளையல் சுலபமாக ஏறட்டும் என்று இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். உபதேசியார் இறங்கினார். நீட்டின கையில் வேத வசனம் அச்சடித்த ஒரு கைப்பிரதியைக் கொடுத்தார். அந்தக் காகிதம் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அவள் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதைப் படிக்கறதுங்களா, தாளிக்கறதுங்களா?" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் முடிந்துபோயிற்று.

அவளுக்கும் அப்பா அம்மா இல்லை. தாய்மாமன் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் மணியனுக்குக் கடலைக்கொடி கொண்டுவந்து போடுவாள். அதோடு பேசுவாள். என்னிடம் பேச வேண்டியதையும் அதனிடம்தான் பேசுவாள். "உன்னைய ஓட்டறவரு தலைக்கு எண்ணெய் வெக்க மாட்டாராட்டம் இருக்குதே மணியா," என்பாள். நான் மறுதடவை எண்ணெய் வழிய வழியப் போவேன். "இன்னைக்கு எண்ணெய்ச் செக்குல இருந்தா வாரீங்க மணியா?" என்பாள். இப்படி ஒரு வருஷம் போயிற்று. நேராக அவளிடம் நான் பேசினது, தண்ணி போதுமுங்க, வாரேனுங்க, இந்த இரண்டும்தான்.

அந்தச் சமயத்தில் ராசிபுரம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தன் மகள் கிரேசை எனக்குக் கொடுக்கிறேன் என்று உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினார். நல்ல பெண். படித்தவள். தையல் மிஷின் வைத்திருந்தாள். எனக்கு ஏன் கொடுக்கிறார் என்று எனக்கே ஆச்சரியம். உபதேசியார் என்னைப் பாராட்டி ஏதோ சொல்லி வைத்திருக்க வேண்டும், குடை சாய்த்ததைச் சொல்லியிருக்க மாட்டார். அதே வாரத்தில் எஸ்தருடைய மாமனும் கோயிலுக்கு வந்தபோது ஜாடையாகக் கேட்டாராம். எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர் உபதேசியார்தான். இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது அவர்.

நான் அவரிடம் போய், எனக்கு எஸ்தரைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரவில்லை. அவர் கேட்டார், உனக்கு யார் என்று. கர்த்தருக்குச் சித்தமானால் போதுமுங்க என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் பக்தியுள்ளவன் என்று நினைப்பார் என்று ஒரு நினைப்பு. அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். அப்படியானால் அவரிடமே கேட்போம் என்று, சனிக்கிழமை காலையில் வண்டியைப் பூட்டச் சொன்னார். ரோடு பிரிகிற இடத்தில் மணியன் எந்தப் பக்கம் போகிறதோ அந்த வீட்டில் போய்ப் பேசி முடிப்பது என்று தீர்மானம்.

எனக்கு முதலில் பயமே இல்லை. மணியனுக்குக் கடலைக்கொடி போடுகிறவள் யார்? எஸ்தர். மணியன் எந்தப் பக்கம் போகும்? எஸ்தர் பக்கம்தான். கர்த்தர் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று பாடிக்கொண்டே மாட்டைக் குளிப்பாட்டினேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. மணியன் பிறந்து வளர்ந்தது ராசிபுரத்தில். வளையல்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதன் பழைய தொட்டியும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் எனக்குப் பாட்டு வரவில்லை.

ரோடு பிரிகிற இடம் வந்தது. நிறுத்தினேன். கயிற்றை நுகத்தடிமேல் போட்டேன். சாட்டையை வைக்கோலுக்கு அடியில் வைத்தேன். உபதேசியார் தலைப்பாகையைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி, உன் மனசில் இருக்கிற விருப்பத்தையெல்லாம் இறக்கிக் கீழே வைத்துவிடு, இந்தப் பக்கமும் சரி அந்தப் பக்கமும் சரி என்று இரு என்றார். நான் திமிலைப் பார்த்தேன். விருப்பத்தைக் கீழே வைக்கப் பார்த்தேன். ஒரு நுனியைக் கூட இறக்க முடியவில்லை. வலது வலது வலது என்று மனசு அடித்துக்கொண்டது. கழுத்து தானாக வலது பக்கம் திரும்பப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தினதில் நரம்பு சுளுக்கிக்கொண்டது.

உபதேசியார் நீளமாக ஜெபம் பண்ணினார். ஆமென் என்றார்.

மணியன் நடக்கவில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக ஆமெனுக்கு அது கால் எடுக்கவில்லை. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. தலையை ஆட்டி ஈயை விரட்டியது. அங்கேயே நின்றது.

உபதேசியார் இன்னொரு தடவை ஜெபம் பண்ணினார். ஆமென். நிற்கிறது. ஏதாவது பாவம் குறுக்கே நிற்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. முதலில் தன்னைத் தானே சோதித்துப் பார்த்தார். போன மாசம் தன் சம்சாரம் கொடுத்த பலகாரத்தை ஊருக்கு எடுத்துப் போகாமல் வழியிலேயே தின்றதை அறிக்கை பண்ணினார். ஆமென். நிற்கிறது. உனக்கு ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டார். எனக்கு இருந்த ஒரே விஷயம் வலது பக்கம்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இல்லீங்க என்றேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

வெயில் ஏறியது. ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். வண்டி அச்சு முறிந்ததா என்று ஒருவர். மாடு படுத்துவிட்டதா என்று ஒருவர். மாடு நிற்கிறது, நாங்கள்தான் படுத்துவிட்டோம் என்று உபதேசியார் பதில் சொன்னார். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பாட்டு ஜெபத்துக்கும் ஆமென் சொன்னார், சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மாட்டைப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. என் பங்கில் பாதியை நான் அப்படியே மடித்து வைத்தேன். ஒரு மாடு ராசிபுரம் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தால் என் பிழைப்பு போய்விடும். வைக்காமல் இருந்தாலும் போய்விடும், ஏனென்றால் நாளைக்கு ஞாயிறு, வாத்தியாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் ஒன்றும் வரவில்லை என்றால் உபதேசியார் முதலில் கேட்டவருக்கே சரி என்று சொல்லிவிடுவார்.

மத்தியானம் ஆயிற்று. மணியன் தலையை ஆட்டி ஆட்டி ஈ விரட்டிக்கொண்டே நின்றது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போது வலது பக்கத்து ரோட்டில் இருந்து எஸ்தர் வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கத்தைக் கடலைக்கொடியோடு, வேகமாக வந்தாள். பின்னால் அவள் மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. மாட்டின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள்.

"காத்தாலயிருந்து மணிச்சத்தம் ஒரே எடத்துல கேக்குதுங்க. கிட்டவும் வரல, தூரவும் போகல. மாட்டுக்கு என்னமோ ஆயிருச்சாட்டம் இருக்குதுன்னு ஓடியாரேன். இதுக்கு என்னங்க?"

உபதேசியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருந்ததை இருந்தபடி சொன்னார். ராசிபுரம் வாத்தியார் மகளையும் சொன்னார், அவளையும் சொன்னார், மாடு போகிற பக்கத்தில் பேசி முடிப்பதாக இருந்ததையும் சொன்னார். நான் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்த பார்வையில் அந்தத் திமில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

எஸ்தர் கடலைக்கொடியை மாட்டின் முன்னால் போட்டாள். அது தின்ன ஆரம்பித்தது. அப்புறம் சொன்னாள்.

"ஐயா, நீங்க பெரியவங்க. தப்பா நெனைக்காதீங்க. சாமிகிட்டக் கேட்டீங்க, சரிங்க. மாட்டுகிட்டக் கேட்டீங்க, அதுவுஞ் சரிங்க. கட்டிக்கப் போறவ நானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு ஒருத்தருக்குமே தோணலீங்களா?"

மாமன் பதறிப்போய், அம்மிணி சும்மா இரு என்றார். உபதேசியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தலைப்பாகை இன்னும் அவர் முழங்கால்மேல் இருந்தது. வெறும் தலையோடு வண்டியில் இருந்து இறங்கினார்.  தோணலம்மா, தோணியிருக்கணும் என்றார்.

"சரி, இப்பக் கேக்கறேன். உனக்குத் தாவீதக் கட்டிக்கச் சம்மதமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். மாட்டை விட்டுவிட்டு நேராக என்னிடம் பேசினது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குங்க?"

"வலது பக்கம்," என்றேன். கேட்ட கேள்வி என்ன, சொல்கிற பதில் என்ன. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. காலையில் இருந்து அந்த ஒரு வார்த்தைதான் உள்ளே இருந்தது, அது தானாக வந்துவிட்டது.

எஸ்தர் ரோட்டைப் பார்த்தாள், தான் வந்த பக்கத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் மாமனும் சிரித்தார். உபதேசியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். காலையிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் அந்தப் பலகாரத்தை அறிக்கை பண்ணியிருக்க வேண்டாமே என்ற மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. மெதுவாகக் கேட்டேன். "ஐயா, மாடு போகலீங்களே. இது கர்த்தர் காட்டின வழிதானுங்களா?"

"காத்தாலயிருந்து கேட்டுக்கிட்டிருந்தோம். ஆளே நடந்து வந்துடுச்சு. இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்றார். என்னை டா போட்டுப் பேசினது அந்த ஒரு தடவைதான்.

எஸ்தர் நுகத்தடியில் கிடந்த கயிற்றை எடுத்தாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. அவள் முன்னால் நடந்தாள், மணியன் கடலைக்கொடியை மென்றுகொண்டே அவள் பின்னால் போயிற்று. கூப்பிடு தூரம்தான் ஊர். நான் இறங்கி நடக்கப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க உக்காருங்க. களைச்சுப் போயிருப்பீங்க. ஊரு வந்தா எழுப்பறேன்."

என் வண்டியில் அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து போனேன். ராசிபுரத்துக்கு உபதேசியார் மறுநாள் ஆராதனை முடிந்ததும் தானே நடந்து போய் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தார். கிரேசுக்கும் அதில் வருத்தம் இல்லை, தை மாசத்தில் நல்ல இடத்தில் ஆயிற்று.

அதன் பிறகு எஸ்தர் இருந்த வரைக்கும் வழி தேடுகிற வேலை எனக்கு அதிகம் இருக்கவில்லை. காலையில் இருவரும் ஜெபம் பண்ணுவோம். முடிந்ததும் நான் என்ன செய்வது என்று அவளைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். யாராவது ஒருவர் சிரித்துவிடுவோம், அதற்குள் என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

இப்போது தெரிவதில்லை. அடக்கத்துக்குப் பழைய உபதேசியார் வந்திருந்தார். ஊரார் எல்லாரும் கர்த்தருடைய சித்தம் என்று சொன்னார்கள். அவர் மட்டும் அதைச் சொல்லவில்லை. தலைப்பாகையைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் தெரியலப்பா என்று மட்டும் சொன்னார்.

இனி என்ன வேலைக்குப் போவது, எந்த ஊரில் இருப்பது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் கேட்கிறேன். ஆமென் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு ரோட்டில் பதில் நடந்து வர மத்தியானம் ஆயிற்று, இன்னும் மத்தியானம் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.